மாமா சுருட்டை விட்ட கோடை

என் தாய்மாமா சுருட்டை விட்ட கோடையில் எனக்கு ஒன்பது வயது. அதுவரை தூங்கும்போது மட்டும்தான் அவர் அதை விட்டிருந்தார். பண்ணைப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. ஒரு ஜோடி மாடும் வண்டியும் வைத்துக்கொண்டு, சுற்றுப்புறக் காடுகளில் எடுத்த பருத்தியைத் தேனி மில்லுக்கு ஏற்றிப் போவார். வாயில் ஒரு சுருட்டு புகைந்துகொண்டிருக்க, மடியில் இன்னும் இரண்டு இருக்கும். "உங்க மாமா வர்றாகளான்னு ரோட்டைப் பாக்க வேணாம், மூக்கைத் தொறந்து வச்சாப் போதும்" என்பாள் அவர் மனைவியான அத்தை.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் பருத்திப் பொதிகளின் உச்சியில் எனக்கு இடம் உண்டு. அன்றும் அப்படித்தான் போனோம். உச்சிவெயில். வீரபாண்டிக்கு இன்னும் ஒரு மைல் இருந்தது. காற்று எதிரே வந்துகொண்டிருந்தது. துணி கருகும் வாடை அடித்தது.

"மாமா, என்னமோ கருகுது."

"உன் மாமன் சுருட்டுதான் ஆத்தா" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

குனிந்து பார்த்தேன். என் பாவாடை ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. காலடியில் பொதியிலிருந்து புகை எழுந்தது. நான் போட்ட கத்தலில் மாடுகள் மிரண்டன. மாமா ஒரே தாவலில் ஏறி, என் பாவாடையைக் கையால் கசக்கி அணைத்து, என்னைத் தூக்கிப் பாதையோர மணலில் இறக்கினார். மாடுகளை அவிழ்த்துவிட்டார். பிறகு கயிற்றை அறுத்து, புகைந்த பொதியை உருட்டித் தள்ளினார். பருத்தியில் தீ வெளியே தெரியாது, உள்ளுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். அதனால் பொதியைக் கிழித்து, மண்ணை வாரிப் போட்டு, வெறுங்கையால் அடித்து அடித்து அணைத்தார். ஒரு பொதி போயிற்று. மற்றதெல்லாம் தப்பித்தது.

என் காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. மாமா அதை நம்பாமல் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். அவர் உள்ளங்கைதான் வெந்திருந்தது. மடியிலிருந்த சுருட்டுகளை எடுத்து, புகைந்துகொண்டிருந்த பருத்திக்குள் எறிந்தார். "உங்க அம்மாகிட்டச் சொல்லிராத ஆத்தா" என்று என் முன்னால் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். வயதில் பெரியவர் ஒருவர் என்னிடம் கெஞ்சியது அதுவே முதல் தடவை. பெருமையாகத் தலையாட்டினேன்.

சுருட்டை எறிவது எளிதாக இருந்தது. எறிந்தவரோடு குடித்தனம் செய்வதுதான் கஷ்டம். மூன்று நாள் தலைவலி, எரிச்சல். குழம்பில் உப்பு இருந்தாலும் தப்பு, இல்லாவிட்டாலும் தப்பு. நாலாம் நாள் தனியாகத் தேனிக்குப் போனவர் திரும்பும்போது, நாங்கள் மூக்கைத் திறந்து வைக்க வேண்டிய அவசியமில்லாமலே வாடை வந்துவிட்டது. வண்டிப்பேட்டையில் கூட்டாளி ஒருவர் நீட்டினாராம்.

அத்தை சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவர் எதிரே உட்கார்ந்து, "எப்பெப்பக் கை அதைத் தேடுது, சொல்லுங்க" என்று கேட்டாள்.

மாமா யோசித்தார். "முழிச்ச உடனே. சாப்ட்டுக் கை கழுவுனதும். அப்புறம் பேட்டையில நாலு பேரைப் பாத்தா."

மறுநாளிலிருந்து விழித்தவுடன் கையில் நீராகாரச் செம்பு வந்தது. சாப்பிட்டதும் உட்காரக் கூடாது. நேரே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போக வேண்டும். வண்டிப்பேட்டையில் நிற்காமல், பழனிசெட்டிபட்டிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் மாடுகளை அவிழ்த்தார். வண்டியில் தீப்பெட்டி ஏறவில்லை. மடியில் கிராம்பும் நெல்லி வற்றலும் ஏறின. அதற்கும் அடங்காமல் வாய் நமநமத்தால், கீழே குதித்து அடுத்த மைல்கல் வரை நடப்பார். அதற்குள் அது போய்விடும் என்பார். போகாவிட்டால் இன்னொரு கல். முதல் வாரம் பாதி வழி நடந்தே வந்தார். அந்தக் கோடையில் மாடுகளுக்கு நல்ல யோகம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாமா சறுக்கிய அந்த நாளுக்குப் பிறகு நான் இல்லாமல் அவர் ஒரு நடைகூடப் போகவில்லை. அம்மாவும் மறுக்காமல் அனுப்பினாள். ஒரு நாள் எதிர்வண்டிக்காரர் சுருட்டை நீட்டியபோது மாமா, "வேணாம்ப்பா, பிள்ளை மேல உக்காந்திருக்கு" என்றார். நான் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லிவிடுவேனோ என்ற பயம் என்று எடுத்துக்கொண்டேன். தேனியில் அவர் வாங்கித் தந்த சேவும் மிட்டாயும், இந்த வண்டிச் சவாரியும் எல்லாமே என் வாயை அடைக்கத்தான் என்பதும் எனக்கு நிச்சயம். மிட்டாய் இனித்தது, உள்ளே குறுகுறுத்தது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

பின்னல் நிற்கவில்லை. "தெரியும்டி. அன்னைக்கே வெந்த கையோட வந்து சொல்லிட்டான்."

"அப்ப ஏம்மா என்னைய மறுபடியும் அனுப்புன?"

"அவந்தான் கேட்டான். 'பிள்ளை வண்டியில இருந்தா என் கை நெருப்பைத் தொடாதுக்கா'ன்னான்." ரிப்பனை இறுக்கி முடிந்தாள். "தொடலைல்ல? போ, போய் வெளையாடு."

மாமா பிறகு கடைசிவரை சுருட்டைத் தொடவில்லை. ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அடி விழவில்லை, காக்க வேண்டிய ரகசியமும் இல்லை. மூட்டையை இறக்கி வைத்தது போலத் தெருவுக்கு ஓடினேன். ஒரு சின்ன மனத்தாங்கல் மட்டும் இருந்தது. ஒவ்வொரு முறை வண்டி கிளம்பும்போதும் நான் உச்சியிலிருந்து கையாட்டுவேன். அம்மா என்னைப் பார்க்க மாட்டாள். முன்னால் உட்கார்ந்திருக்கும் தன் தம்பியையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு, வண்டி வளைவில் மறையும்வரை வெயிலில் நிற்பாள். என்னைவிட அவர்மேல்தான் அவளுக்குப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளையைப் பருத்திமேல் உட்கார வைத்து ஒருவனை நம்புவது என்றால் என்ன என்பது ஒன்பது வயதில் எனக்கு எங்கே தெரியும்?