டிராவுக்காகச் சொன்ன பொய்

ஒரு காயை நகர்த்த மூன்று நாள் அவகாசம் தரும் இணையச் செஸ் ஆடுகிறேன். தோற்கும்போது எதிராளியைக் குழப்ப எதையாவது எழுதி அனுப்புவேன்.

ராயபுரத்து கிரேன் டிரைவர் அந்தோணி அண்ணனோடு ஆடிய, ஒரு போட்டியின் கடைசி ஆட்டத்தில் என் ராணி போய்விட்டது. "அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. டிரா பண்ணிக்கலாமா?" என்று எழுதினேன். உடனே ஒப்புக்கொண்டார். அந்த அரைப் புள்ளியால் போட்டியில் முதலிடம் எனக்கு.

மறுநாள், முன்பின் பார்த்திராத அவர், நான் எப்போதோ சொன்ன தெருப்பெயரை வைத்து விசாரித்து, விம்கோ நகரில் எங்கள் வீட்டுக்கே இளநீரோடு வந்துவிட்டார். கதவைத் திறந்தது அம்மா.

"தம்பிகூட செஸ் ஆடறவன் நான். அவங்கம்மா எந்த ஆஸ்பத்திரில கீறாங்க? டூட்டி முடிச்சிகினு நேரா வரேன்."

"நான்தாம்பா அவன் அம்மா. எனக்கு இன்னா? நல்லாத்தானே கீறேன்."

பின்னால் நின்ற என்னை அவர் பார்த்தார். நான் தலைகுனிந்தேன்.

"நல்லா கீறாங்கல்ல, அது போதும் நைனா." இளநீரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றே போட்டி நடத்துபவரிடம் உண்மையைச் சொல்லி முதலிடத்தை விட்டுக்கொடுத்தேன். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டும் எழுதினேன். இப்போதும் என்னோடு ஆடுகிறார். ஆனால் நான் எது எழுதினாலும் பதில் வருவதில்லை, காய் மட்டும் நகர்கிறது. என் வார்த்தைக்கு இனி அவரிடம் மதிப்பில்லை என்பது ஒவ்வொரு முறையும் உறைக்கிறது.