இனிக்காத கிரீம்

கேக் கடையில் அவருக்குப் பெயர் கிரீம் மாஸ்டர். மாவுக்குத் தராசு உண்டு, வெண்ணெய்க்கும் உண்டு. கிரீமில் போடும் சர்க்கரைக்கு மட்டும் அவர் நாக்குதான். மெஷினை நிறுத்துவார். சுண்டுவிரலால் வழித்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். நாள் முழுக்க இதே வேலை. உடம்பில் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்?

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து வாயைக் கட்டச் சொன்னார்.

“வாயைக் கட்டினா பொழப்பு போச்சு. பெட்டி மடிக்க அனுப்பிடுவாரு முதலாளி,” என்று வீட்டில் புலம்பினார்.

மனைவி வேலியில் படர்ந்திருந்த சிறுகுறிஞ்சான் கொடியில் இரண்டு இலை கிள்ளி வந்தாள்.

“மாத்திரையோட இதையும் மெல்லுங்க. இனிப்பு மேல ஆசையே வராது. கசக்கும், மூஞ்சியச் சுளிக்காதீங்க.”

“உன்னைக் கட்டிக்கிட்டப்பவே நான் சுளிக்கலையே.”

“பேசுங்க, மூணாவது இலையும் வரும்.”

மறுநாள் கடை வாசலில் நின்று மென்றுவிட்டு உள்ளே போனார். அன்று ஒரு கல்யாண கேக். கிரீமை நாக்கில் வைத்தார். வெண்ணெய் தெரிந்தது, இனிப்பு தெரியவில்லை. மட்டமான சர்க்கரை என்று திட்டிக்கொண்டே இன்னொரு கிண்ணம் கொட்டினார். பிறகு இன்னொன்று.

அனுப்புவதற்கு முன் முதலாளி ஓரத்தில் விரல் வைத்து நக்கினார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“மாஸ்டர், எறும்புக்கா கல்யாணம்?”

மாஸ்டர் வெறும் சர்க்கரையை அள்ளி வாயில் போட்டார். மணல் மாதிரி இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“என் நாக்கு செத்துப்போச்சு முதலாளி.”

முதலாளிதான் மாஸ்டரின் வீட்டுக்குப் போன் போட்டார். மறுமுனையில் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

“அதுக்குச் சர்க்கரைக்கொல்லின்னே இன்னொரு பேரு இருக்குங்க. மென்னா கொஞ்ச நேரத்துக்கு இனிப்பு தெரியாது. மென்ன வாயோட கிரீமை நக்குவாருன்னு நான் கண்டேனா?”

கேக்கைச் சுரண்டிப் புதுக் கிரீம் அடிப்பதற்குள் நாக்குக்கு உயிர் வந்தது. மாஸ்டர் ஒரு விரல் வைத்துக் கண்ணை மூடினார். முதலாளியும் ஒரு விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“இனிமே முதல்ல கிரீம், அப்புறம் இலை. ஒரே ஒரு நக்கு.”

அப்படியே நடக்கிறது. ஒரு விரல், வாய்கொப்பளிப்பு, இலை. பிறகு எத்தனை கேக் எதிரே இருந்தாலும் அவருக்கு மண்மேடுதான். பின்வாசல் தொட்டியில் இப்போது அந்தக் கொடி படர்ந்திருக்கிறது. இலை வேகமாகக் குறைகிறது. முதலாளிக்கும் சர்க்கரை உண்டு.

நேற்று அவர் மென்றுகொண்டே வந்து கிரீமில் விரல் வைத்தார்.

“இனிப்பு பத்தலையே மாஸ்டர்?”

மாஸ்டர் சர்க்கரை டின்னைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினார்.