வாரக்கதையும் சரோஜா அம்மாவும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, புது மாத நாவல்கள் வந்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். டெலிபோன் ஆபீஸ் லைன்மேன் சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, "சரோஜாம்மா தவறிட்டாங்க. வேலூர்லேர்ந்து தகவல் வந்துச்சு" என்றார். உடம்பு சரியில்லை என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது. கட்டைப் பிரித்தபடியே வைத்துவிட்டு ஷட்டரை இறக்கினேன். வியாபார நாளில் நான் கடை மூடுகிறவன் இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கடையில் புத்தகம் வாடகைக்கு எடுத்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். சிலர் அவரிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். டெலிபோன் ஆபீஸில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலை. டியூட்டி முடிந்ததும் நேராக இங்கே வருவார். நாற்பதைத் தாண்டியவர், ஆனால் எடுப்பதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கும் கதைகள்: துப்பறியும் பையன்கள், ஹாஸ்டல் பெண்கள், ராக்கெட்டில் போகிறவர்கள். ஒருநாள் காரணம் கேட்டேன். "பெரியவங்க கதை கல்யாணத்துல முடியும். கொழந்தைங்க கதை புதையல்ல முடியும். நடுவுல நிக்கிற பசங்க கதையை எங்க முடிக்கிறதுன்னு எழுதறவங்களுக்கே தெரியல. எவனாவது கண்டுபிடிக்கிறானான்னு பாத்துகினு இருக்கேன்" என்றார்.

அபிப்பிராயத்தை அவர் மெதுவாகச் சொன்னதே கிடையாது. கடையில் ஆள் நிற்கும்போதுதான் சொல்வார். "குகைக்குள்ள போயி ரெண்டு நாளாவுது, பையன் ஒரு வேளை சாப்பிடல. பதினாறு வயசுப் பையன்! எழுதினவர் வூட்ல பசங்களே கிடையாதா?" புத்தகத்தைக் கையில் எடுத்திருந்தவர் சிரித்துவிட்டுக் கீழே வைப்பார். "கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்கம்மா, யாபாரம் கெடுது" என்பேன். "நல்லதா சொன்னா கமிஷன் குடுப்பியா?" என்பார். ஆனால் நான் கவனித்துவிட்டேன். அவர் திட்டிய புத்தகம் அடுத்த நாளே வெளியே போய்விடும். அவர் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தது அலமாரியிலேயே கிடக்கும். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் பெரிய பிள்ளைகளுக்கென்று ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. பதினேழு வயது மல்லிகா, கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டை விட்டு ரயிலேறி, நர்சு படிக்கப் பட்டணத்துக்குப் போகிறாள். பத்திரிகை வரவர அந்தப் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்துத் தைத்து, லுங்கித் துண்டை ஒட்டி அட்டை போட்டு வாடகைக்கு விடுவது என் வழக்கம். லுங்கி நெய்யும் பொதட்டூர்பேட்டையில் வெட்டுத் துண்டு சும்மாவே கிடைக்கும். காகித அட்டையைவிட அதிக நாள் உழைக்கும்.

அந்த அட்டைதான் வினையாயிற்று. பொதட்டூர்பேட்டை நெசவாளி முனிரத்தினத்தின் மகள் சாந்தி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. அதுவரை வந்த மல்லிகா கதையை எடுத்துப் போய், வீட்டில் தெரியக் கூடாதென்று மடித்து வைத்திருந்த லுங்கிகளுக்கு நடுவே செருகியிருக்கிறாள். லுங்கிக் கட்டமும் அட்டைக் கட்டமும் ஒன்றாகிவிட்டது. அப்பன் அதையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து இங்கே ஜவுளிக்கடையில் இறக்கினார். உருப்படி எண்ணிப் பார்த்த ஜவுளிக்காரர் லுங்கிக்குள்ளிருந்து புத்தகத்தை உருவி, கடையில் நாலு பேர் இருக்கும்போது, மல்லிகா ஓடிப்போகும் இடத்தை உரக்கப் படித்துக் காட்டி, "இன்னா முனிரத்தினம், உன் பொண்ணு டிக்கெட் வாங்கிட்டாளா?" என்று கேட்டாராம்.

அரை மணி நேரத்தில் அந்தப் புத்தகத்தோடு முனிரத்தினமும் அவர் மச்சான்கள் இரண்டு பேரும் என் கடை வாசலில். ஒரு மச்சான் கையில் தீப்பெட்டி. நான் யோசிக்கவே இல்லை. "அந்த ஒண்ணை எடுத்துகினு போயி கொளுத்திக்கோங்க, கடையில கை வெக்காதீங்க" என்றேன். ஒரு புத்தகம் போனால் போகட்டும், கடை நிற்க வேண்டும். சரோஜா அம்மா டியூட்டி முடிந்து வந்தது அந்த நேரத்தில்தான்.

முனிரத்தினம் அவரைப் பார்த்ததும், "நீங்களே சொன்னீங்களாமே, இது மோசமான கதைன்னு" என்றார்.

"ஆங், மோசந்தான். மூணு வாரமா மழை பேயுது, ஒருத்தரும் நனையல. அந்த மாதிரி மோசம்."

"பொண்ணு ஓடறாளா இல்லியா?"

"ஓடறா."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இல்லை, ஜவுளிக்காரர் கேலிக்குப் படித்தார் என்று சொல்லியிருக்கலாம். முனிரத்தினத்துக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வீட்டில் தெலுங்கு; எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது வரும்.

"ஓடி இன்னா ஆனா?"

"தெரியாது. கதை இன்னும் முடியல."

முனிரத்தினம் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மச்சான் தீக்குச்சியை எடுத்தார். "இரு பாவா" என்று மச்சானைத் தடுத்துவிட்டு, முனிரத்தினம் சரோஜா அம்மாவிடம் தெலுங்கில் சொன்னார்: கதை முடியட்டும். அந்தப் பெண் சீரழிந்தால் சாந்திக்குப் பள்ளிக்கூடம் அன்றோடு சரி. நல்லபடி ஆனால் அவள் பரீட்சை எழுதலாம்.

"சரி" என்றார் சரோஜா அம்மா.

அவர்கள் போனதும், "ஏம்மா, ஒரு பொண்ணு படிப்பைக் கொண்டுபோய் கதை எழுதறவன் கையில குடுத்துட்டீங்களே" என்றேன்.

"இன்னிக்கு நிறுத்தறதுக்கு இது மேல். ஆனா அந்த ஆளை நெனச்சாதான் பயமா இருக்கு. மழையையே ஒழுங்கா எழுதத் தெரியல."

அதன் பிறகு வாரா வாரம் முனிரத்தினம் லுங்கி மூட்டையோடு வந்து, ஜவுளிக்கடைக்குப் போகும் முன் என் கடையில் இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வார். சரோஜா அம்மா நின்றபடி அந்த வாரக் கதையைத் தெலுங்கில் சொல்வார். பிடிக்காததையும் விடமாட்டார்.

"புதுசா ஒரு டாக்டர் வந்திருக்கான். எப்பப் பாத்தாலும் சிரிக்கிறான். எனக்குப் புடிக்கல."

"எனக்கும் புடிக்கல" என்பார் முனிரத்தினம்.

மல்லிகா வார்டு கழுவினாள், பட்டினி கிடந்தாள், முதல் பரீட்சையில் தேறினாள். அன்றைக்கு முனிரத்தினம் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரமே டாக்டர் அவளைக் கோயிலுக்குக் கூப்பிட்டான். முனிரத்தினம் உடனே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வாரம் முழுக்க சாந்தியை அவர் தம்பி பஸ் ஏற்றிவிட்டு, பஸ்ஸிலிருந்து இறக்கி அழைத்துப் போனதாகக் கேள்வி. பத்திரிகைக் கட்டு காலை ரயிலில் வரும். நான் அதைப் பிரிக்க இவ்வளவு அவசரப்பட்டது அதற்கு முன் தீபாவளி மலருக்குக்கூட இல்லை.

முடிவு வந்தது. நின்றுகொண்டே படித்தேன். டாக்டர் ஏமாற்றிவிடுகிறான், மல்லிகா ஏரியில் விழுந்து இறந்துபோகிறாள். பெற்றோர் சொல் கேளாத பெண்களுக்கு இது ஒரு பாடம் என்று கீழே இரண்டு வரி.

சரோஜா அம்மா வந்து படித்தார். முகம் சிவந்துவிட்டது. நான் சொன்னேன்: "அவருக்குத் தமிழ் படிக்க வராது. நர்சு ஆயிட்டான்னு சொல்லிடுங்க. யாருக்கு நஷ்டம்?"

"ஜவுளிக்கடைக்காரர் படிச்சுச் சொன்னா? அப்புறம் அந்தப் பொண்ணு எந்தப் புஸ்தகத்தைத் தொட்டாலும் அவருக்குப் பொய்யாத்தான் தெரியும்." பத்திரிகையை மடித்துக்கொண்டே, "அது மட்டும் இல்ல கடைக்காரரே. பொய் சொல்லிட்டா நான் இதை எப்படித் திட்டறது?" என்றார்.

முனிரத்தினம் வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார். சரோஜா அம்மா ஒன்று விடாமல் சொன்னார். ஏரி வந்தபோது குரல் இறங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. பாடம் என்று போட்டிருந்த இரண்டு வரியையும் சொன்னார். எனக்கு முனிரத்தினத்தின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இப்ப என் அபிப்பிராயத்தைச் சொல்லட்டுமா?"

அவர் தலையசைத்தார்.

"வார்டு கழுவி, பட்டினி கெடந்து, கண்ணு முழிச்சுப் படிச்ச பொண்ணு. ஒருத்தன் ஏமாத்திட்டான்னு ஏரியில போயி விழுவாளா? மொத வாரத்துலேர்ந்து அவளைப் பாத்துகினு இருக்கேன். நீங்களும் பாத்தீங்க. ஒரு வாரம் அழுவா, மறுபடி எழுந்து வேலைக்குப் போவா. அவ விழல. எழுதினவர் புடிச்சுத் தள்ளிட்டார். ஊர்ல யாராவது கோவிச்சுப்பாங்கன்னு பயம்."

முனிரத்தினம் மூட்டையிலிருந்து ஒரு லுங்கியின் ஓரத்தை இழுத்துக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு பஸ் வந்து நின்று ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

"கடைசி மொழம் வேற கை" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். நெய்கிறவனுக்கு உடம்பு முடியாமல் போனால் மிச்சத்தை வேறு ஆள் உட்கார்ந்து முடிப்பான். வாங்குகிறவனுக்குத் தெரியாது. தறியில் உட்காருகிறவன் தடவினால் தெரியும், அடியின் அழுத்தம் மாறியிருக்கும். "அதுக்காவ முன்னால நெய்ஞ்சதைத் தப்புன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து மூட்டையைத் தோளில் ஏற்றினார். "பரீட்சை எப்போ?" என்றார்.

சாந்தி எழுதினாள். கணக்கில் மட்டும் தட்டுத்தடுமாறித் தேறினாள்.

சரோஜா அம்மாவோடு எனக்கு ஒத்துப்போகாத விஷயங்கள் நிறைய. அன்றைக்கு என் கையில் விட்டிருந்தால் மல்லிகாவை நர்சாக்கி அனுப்பியிருப்பேன், அது தப்பென்று எனக்குத் தோன்றியும் இருக்காது. இப்போது என் கடைக்கு வந்து, "என் பொண்ணு இதைப் படிக்கலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கதையில் என்ன நடக்கிறதோ அதை உள்ளபடி முதலில் சொல்லிவிடுகிறேன், வாடகை போனாலும் சரி. என் கருத்தைப் பிறகு தனியாகச் சொல்கிறேன். இரண்டையும் கலந்து விற்பதில்லை. இந்தக் கடையில் அவர் எனக்கு விட்டுப்போனது அது.