கைக்குட்டை ராணியின் ஆணி

அந்தத் தையல்காரர் வீட்டு மாடி அறையில் எழுநூறு ராஜாக்களும் ராணிகளும் குடியிருந்தார்கள். உலகத்தில் எந்த அரண்மனையிலும் ஒரே கூரையின் கீழ் இத்தனை கிரீடம் கூடியதில்லை. எழுநூறு என்பது கொஞ்சம் கூடுதல்தான். கதை சொல்லும்போது கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. எண்ணிப் பார்த்தால் எண்பத்து மூன்று. அதிலும் பாதிப் பேர் தலையில் கிரீடம் கிடையாது, வெறும் தொப்பி. ஆனால் அந்த அறையில் ஓர் ஈரத்துண்டு காயப்போட இடமில்லை என்பது மட்டும் சுத்தமான உண்மை. கேட்டால் தையல்காரரின் மனைவி சத்தியம் செய்வாள். கேட்காவிட்டாலும் செய்வாள்.

தெருவில் அவருக்கு 'அங்குலம்' என்று பெயர். கீழே கடை, மேலே வீடு. கோட்டு மட்டும்தான் தைப்பார். எதிரே யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பார்ப்பார். ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில், கிடத்தியிருந்தவரைப் பார்த்து, "இடது தோள் அரை அங்குலம் இறக்கம்" என்று முணுமுணுத்துவிட்டார். அந்த வீட்டில் யாரும் பிறகு அவரிடம் துணி கொடுக்கவில்லை.

படப் பைத்தியம் பிடித்தது ஒரு வாடிக்கையாளரால். கனத்த அட்டையில் ஒட்டிய பழுப்பு நிறப் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து, இதில் இருக்கும் இளவரசர் போட்டிருக்கிற மாதிரியே கோட்டு வேண்டும் என்றார் அவர். அளவு கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. கோட்டு கடைப் பொம்மையின் மேல் தொங்கி நரைத்தது. படம் மாடிக்குப் போயிற்று. இளவரசரின் கோட்டுக் கை தோளில் ஏறும் வளைவைப் பார்த்துக்கொண்டே அங்குலம் அன்று சாப்பாட்டை மறந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பழைய சாமான் சந்தையில்தான் அவருக்குப் பொழுது விடிந்தது.

எந்த ராஜா எந்த நாட்டை ஆண்டார், யார் யாரோடு சண்டை போட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, வேண்டவும் வேண்டாம். அவர் உடுப்பைத்தான் படிப்பார். இந்த ராஜாவுக்குத் தொப்பை விழுந்துவிட்டது, தையற்காரன் பொத்தானை நகர்த்திக் காப்பாற்றியிருக்கிறான் என்பார். இந்த ராணிக்கு இடுப்புக் கச்சை இறுக்கம், மூச்சை அடக்கிக்கொண்டு கம்பீரம் காட்டுகிறாள் என்பார். சுவர் நிறைய ஆட்கள் சேரச் சேர, அவருடைய கல்யாணப் படத்துக்கே இடமில்லாமல் போய், அது பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது.

எண்பத்து மூன்று பேரில் அவருடைய உயிர் ஒருத்தியிடம்தான் இருந்தது. அந்தக் காலத்தில் படம் எடுத்து முடிக்கும்வரை இமைகூட அசையாமல் உட்கார வேண்டும். மற்ற எண்பத்திரண்டு பேரும் அப்படித்தான் கட்டை மாதிரி இருந்தார்கள். இவள் மட்டும் கைக்குட்டையைக் கொஞ்சம் ஆட்டிவிட்டாள். கை இருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு வெள்ளைக் கலங்கல். அவர் அவளுக்குக் கைக்குட்டை ராணி என்று பெயர் வைத்து, அறையிலேயே உருப்படியான ஒரே ஆணியில் மாட்டினார். சன்னலுக்கு எதிர்ச் சுவரில், வெயில் படாத இடத்தில், இரண்டு செங்கல்லுக்கு நடுவே அடித்த நீள இரும்பு ஆணி. சன்னல் கம்பியிலிருந்து அந்த ஆணிக்குக் கொடி கட்டினால் வீட்டுத் துணி முழுக்கக் காய்ந்துவிடும் என்று மனைவி வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ராணி வந்ததும் கணக்கு கெட்டது.

இனிமேல் எதிரியை அழைத்து வரலாம். மனைவியின் தங்கையைக் கட்டியவர், அங்குலத்துக்குச் சகலை. மருந்துக்கடை வைத்திருந்தார், அதனால் அவர் பெயரும் மருந்துக்கடை. வாயைத் திறந்தால் 'அண்ணே' என்பார், அந்த அண்ணேயில் மிளகாய்ப்பொடி தூவியிருக்கும். ஒருநாள் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அங்குலம் மூன்று மணி நேரம் ராஜாக்களைப் பற்றியே பேசினார். மறு ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை சந்தைக்கு வந்து, அங்குலம் கை நீட்டிய படத்தை அவர் விரலுக்கடியிலிருந்து உருவி வாங்கிக்கொண்டு போனார். ஆசைக்கு இல்லை, வயிற்றெரிச்சலைக் கிளப்பத்தான். பிறகு ஆசையும் வந்துவிட்டது. அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

ஒன்பது வருடம் இருவரும் ஏட்டிக்குப் போட்டி. மருந்துக்கடைக்குப் பதக்கம் குத்திய ராஜாக்கள்தான் பிடிக்கும். மார்பில் இடமிருக்கிறவனெல்லாம் ராஜாவா, அது தகரக்கடை விளம்பரம் என்று அங்குலம் ஊரெல்லாம் சொன்னார். அண்ணன் சுவரில் இருப்பதெல்லாம் கோட்டு மாட்டிய தாங்கிகள், முகம் எதற்கு என்று மருந்துக்கடை மாத்திரை எண்ணிக்கொண்டே சொன்னார். நேரில் பேச வேண்டிய விஷயங்களை அக்காவும் தங்கையும் தபால்காரர் வேலை பார்த்துக் கடத்தினார்கள். வழியில் கொஞ்சம் நயம் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் இரண்டில் ஒரு தலை உருண்டிருக்கும்.

இப்படி இருக்கையில் சந்தையில் பழைய சாமான்காரியின் தகரப்பெட்டியிலிருந்து ஒரு படம் வெளியே வந்தது. மேசை பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் தாடி வைத்த வயசாளி, சாதாரணக் கோட்டு, ஒரு பதக்கம்கூட இல்லை. அட்டையின் பின்பக்கம் பென்சிலில், 'மன்னர், நாடு போன பிறகு' என்று எழுதியிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். அங்குலம்தான் முதலில் எடுத்தார். எடுத்தவர் ஒரு கண் பார்த்துவிட்டுச் சிரித்தார். சந்தையே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு.

"கோட்டுப் பொத்தானைப் பாருங்க. பொத்தான் மாட்டற துளை எல்லாம் வலது பக்கம். ஆம்பளைக் கோட்டுல துளை இடது பக்கம்தான் வரும். இது அச்சு போடறப்ப இடம் வலம் மாத்திப் போட்ட படம். சகலைக்குப் பொருத்தமா இருக்கும், குடுத்து அனுப்பு" என்று பெட்டியில் போட்டார்.

மருந்துக்கடை அதை வாங்கிக்கொண்டு போய், கல்லாவுக்கு மேல், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கிற இடத்தில் மாட்டினார். அங்குலம் தெருத் தெருவாகச் செய்தி பரப்பினார். மருந்துக்கடையில் கண்ணாடிக்குள் இருந்து வந்த ராஜா ஒருத்தர் இருக்கிறார், இடது கையால்தான் இருமல் மருந்து குடிப்பார் என்று குழந்தைகள்கூடச் சொல்ல ஆரம்பித்தன.

மூன்று வாரம் கழித்து மருந்துக்கடை லென்ஸ் வைத்துப் பார்த்தார். படத்தில் மேசை மேல் ஒரு புத்தகம் கிடந்தது. அதன் முதுகில் எழுத்து. எழுத்து நேராக, சுத்தமாகப் படிக்கும்படி இருந்தது. படம் இடம் வலம் மாறியிருந்தால் எழுத்தும் மாறியிருக்க வேண்டும். அவர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு அங்குலத்தின் கடைக்கு நடந்தே போய் எழுத்தைக் காட்டினார்.

மூக்கு அறுபட்ட மனிதன் அங்கேயே வாயை மூடியிருக்கலாம். அங்குலத்துக்கு வாய் தைக்கத் தெரியாது. படம் நேரானது என்றால் போட்டிருக்கிற ஆள்தான் கோணல் என்றார். துளை வலது பக்கம் வருவது பெண்கள் கோட்டில். ஆகவே இது ராஜா இல்லை, தாடி ஒட்டிக்கொண்ட ஒரு பொம்பளை.

"பொம்பளைன்னு உங்களால நிரூபிக்க முடியுமா, அண்ணே?"

"முடியலன்னா என் கைக்குட்டை ராணியை உங்க கடையில கொண்டாந்து மாட்டறேன். முடிஞ்சா, உங்க சுவத்துல ஒரு படம் இருக்கக் கூடாது. அத்தனையும் இறக்கணும்."

"சம்மதம். மாட்டறதுக்கு ஆணியும் சுத்தியலும் என் செலவு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அங்குலத்தின் கடையில், வெட்டு மேசை மேல் தீர்ப்பு என்று முடிவாயிற்று. நடுவில் ஆறு நாள். அந்த ஆறு நாளும் அங்குலம் காலையில் எழுந்ததும் ராணியின் எதிரே போய் நின்றார். கலங்கிய அந்தக் கையைப் பார்க்கும்போது, அவள் விடைபெற்றுக்கொள்வதற்காக ஆட்டுவது போல இருந்தது. இதற்கு முன் அப்படித் தோன்றியதில்லை.

இதற்கிடையில் ஒன்று நடந்தது; அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கத் தங்கை வீட்டுக்காரர் கடைக்குப் போன மனைவி, கல்லாவுக்கு மேலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "அந்தக் கோட்டைப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து கடையில் பழைய தையலைப் பிரிக்கிற வேலை அவளுடையது. அங்குலம் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"உனக்குப் பிரிக்கத் தெரியும். பார்க்கத் தெரியாது. ராஜா விஷயத்துல தலையிடாதே."

அவள் சரி என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்து ஒரு கோட்டின் உள்துணியைப் பிரிக்க உட்கார்ந்தாள். அவள் சரி என்றால் வீட்டில் எல்லாரும் உஷாராகிவிட வேண்டும். அங்குலம் உஷாராகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேசை மேல் படம், படத்தின் மேல் லென்ஸ். ஒரு பக்கம் அங்குலம், எதிர்ப்பக்கம் மருந்துக்கடை, அவர் தோளுக்குப் பின்னால் அவர் மனைவி. அக்கா மூலையில் முக்காலி போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடை சொன்னபடி புது ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து, எல்லார் கண்ணிலும் படும்படி மேசை ஓரத்தில் வைத்திருந்தார்.

அங்குலம் வாத்தியார் மாதிரி ஆரம்பித்தார். துளைகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் காட்டினார். ஐந்தும் வலது பக்கம். இது பெண்கள் தையல், இதில் மறுபேச்சே கிடையாது என்று முடித்துக் குச்சியைக் கீழே வைத்தார்.

அப்போது சகலையின் மனைவி முன்னால் வந்து தன் கோட்டை எடுத்து மேசை மேல் போட்டாள். அங்குலம் போன வருடம் தைத்துக் கொடுத்தது. "அத்தான், இது நீங்க தைச்சதுதானே? துளை வலது பக்கம் இருக்கு, சரி. மார்புப் பை இடது பக்கம் வெச்சிருக்கீங்க. எல்லாப் பொம்பளைக் கோட்டுலயும் அப்படித்தான் வெப்பீங்களா?"

"பை எப்பவும் இடது பக்கம்தான். ஆம்பளையோ பொம்பளையோ." சொல்லிக்கொண்டே அவர் படத்தைப் பார்த்தார். ராஜாவின் மார்புப் பை வலது பக்கம் இருந்தது. ஆறு நாளும் ராணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இந்தப் பையைப் பார்க்கவில்லை.  மருந்துக்கடை சுத்தியலைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

அங்குலம் கடைசிப் பிடியாக ஒன்றைப் பிடித்தார். "அப்ப இது கோட்டே இல்ல. நாடகக் கம்பெனி உடுப்பு. துளையும் வலது, பையும் வலது. இந்த மாதிரி எந்தத் தையற்காரனும் தைக்க மாட்டான்."

"தைப்பான்" என்றாள் மனைவி, மூலையிலிருந்து. "நீங்களே தைச்சிருக்கீங்க."

அவள் எழுந்து வந்தாள். லென்ஸைத் தொடவில்லை. கத்தி முனையால் படத்துக்கு ஓர் அங்குலம் மேலே கோட்டைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினாள்.

"துணி வெளுத்துப்போச்சுன்னா முழுக்கப் பிரிச்சு, உள்பக்கத்தை வெளியில வெச்சுத் தைக்கிறது. அப்ப இடது பாகம் வலது பக்கம் வந்துடும். துளையும் வந்துடும், பையும் வந்துடும். இது திருப்பித் தைச்ச கோட்டு. எனக்குப் பிரிக்கத்தான் தெரியும், இதை மட்டும் அடிச்சுச் சொல்லுவேன்."

 அங்குலம் படத்தைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கடை ஆரம்பித்த புதிதில், புதுத் துணிக்கு வழியில்லாத குமாஸ்தாக்களுக்கும் பள்ளிக்கூட வாத்தியார்களுக்கும் அவர் அப்படித் தைத்துக் கொடுத்ததுண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் தைக்கக்கூடிய வேலை. ஆனால் அட்டைக்குப் பின்னால் மன்னர் என்று எழுதியிருந்ததே. மன்னரும் அந்தக் குமாஸ்தாக்கள் மாதிரி கோட்டைத் திருப்பிப் போடுவார் என்று அவர் புத்தி ஒப்புக்கொள்ளவில்லை.

"ராஜான்னா எப்பவும் புதுக் கோட்டுதான் போடுவாருன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? நாடு போன பிறகுன்னு பின்னாடி எழுதியிருக்கே" என்றாள் அவள்.

மருந்துக்கடை வாய்விட்டுச் சிரித்தார். அப்ப ஆம்பளைதான், அசல் ராஜாதான் என்று மூன்று தரம் சொன்னார். அங்குலத்துக்குத் தோற்றாலும் நாக்கு அடங்கவில்லை. பதக்கம் பதக்கமாகப் பொறுக்கிக் கடைசியில் பழங்கோட்டு ராஜாவைக் கல்லாவுக்கு மேல் உட்கார வைத்தீர்களே, கடைக்கு ஏற்ற முதலாளி என்றார். மருந்துக்கடையின் சிரிப்பு பாதியில் நின்றது. அது ஒன்றுதான் அன்றைக்கு அங்குலத்துக்குக் கிடைத்த லாபம்.

மாடிக்குப் போய் ராணியை இறக்கியது அவர் இல்லை, மனைவி. செய்தித்தாளில் சுற்றித் தங்கை கையில் கொடுத்தாள். "ஈரம் படாம வெச்சுக்க" என்று மட்டும் சொன்னாள். சகலையும் தங்கையும் கடைப் படி இறங்கிப் போனார்கள். சகலை கொண்டுவந்த புது ஆணி மேசையிலேயே கிடந்தது. அங்குலம் மாடிக்கு ஏறி வந்து, வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆணியைச் சுற்றி, படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, ஒரு கதவு மாதிரி தெரிந்தது. மனைவி அந்த ஆணியில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையைச் சன்னல் கம்பிக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதல் துணியாகத் தரை துடைக்கிற துணியைப் போட்டாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஆளுக முன்னாடி என் மானத்தை வாங்கிட்டே. என்னமோ நான் காலம் பூரா கோட்டைத் திருப்பித் தைச்சே பிழைச்ச மாதிரி. மொத்தமே பதினொண்ணு. பதினொண்ணுக்கு மேல ஒண்ணுகூட நான் தைச்சதில்ல."

அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்.

"பன்னண்டு. பீரோவுக்குப் பின்னாடி ஒரு படம் கிடக்கு. எடுத்துப் பாருங்க, மாப்பிள்ளை கோட்டுல பை எந்தப் பக்கம் இருக்குன்னு."