மிச்ச உப்பு

எங்கள் தெருவில் அவரை உப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தோளில் பச்சைப் பை, அதற்குள் உப்புப் பொட்டலங்கள், ஒரு சின்னத் தராசு, பிரஷர் பார்க்கிற கருவி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "உப்பு வந்தாச்சு" என்று குரல் கொடுத்துவிடுவார். அந்தக் குரல் கேட்டதும் வீட்டில் யாராவது ஒருவர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். உப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவர் இல்லையே. கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்துவிட்டு, "நேத்து யாரோட சண்டை?" என்றும் கேட்பார்.

அவர் வேலை பார்த்தது பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருந்த ஓர் ஆராய்ச்சியில். சாதாரண உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் உப்பைக் கலந்து கொடுத்தால் ஊரில் பிரஷர் குறைகிறதா, பக்கவாதம் வருவது குறைகிறதா என்று பார்ப்பதற்கான ஆராய்ச்சி. பாதி வீடுகளுக்குப் புது உப்பு, மீதி வீடுகளுக்குப் பழைய உப்பு. இரண்டுக்கும் ஒரே மாதிரி வெள்ளைப் பொட்டலம். எந்த வீட்டுக்கு எது போகிறது என்று சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது, கொண்டுபோகிற உப்பக்காவுக்கும் தெரியாது. தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மா சொல்லியிருந்தார். உப்பக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள்கூட அதை ஒப்புக்கொள்வார்கள். அந்த முகத்தால் எதையும் ஒளித்துவைக்க முடியாது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரர். அண்டா அண்டாவாகச் சமைத்து, கை நிறைய உப்பை அள்ளிப் போட்டவர். அங்கே சாப்பிட வந்த அவருடைய சொந்த அண்ணனே ஒருநாள் தட்டு கழுவுகிற இடத்தில் வாய் கோணிக் கீழே சாய்ந்தார். அன்றிலிருந்து அண்ணனுக்கு இடது கை சட்டைக்குள் தொங்குகிற ஒரு பொருள். அண்ணனைப் பார்க்க வந்த இடத்தில்தான் டாக்டரம்மா இவரைப் பார்த்து வேலைக்குக் கூப்பிட்டார். "அள்ளிப் போட்ட கையே இப்ப அளந்து போடச் சொல்லுது" என்று பழைய கேன்டீன்காரர்கள் கேலி செய்வார்கள். உப்பக்கா சிரிப்பார். ஆனால் அந்தக் கேலி இறங்கவேண்டிய இடத்தில் இறங்கியிருந்தது.

கேன்டீன் அவருக்கு இன்னொன்றையும் பழக்கிவிட்டிருந்தது. எதையும் கொட்டக் கூடாது. மிஞ்சியது எதுவானாலும் யார் வயிற்றுக்காவது போய்ச் சேரவேண்டும்.

ஆராய்ச்சியிலோ மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் வீட்டில் மீந்திருக்கிற உப்பை நிறுத்து, எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று குறித்துக்கொண்டு, புதுப் பொட்டலம் கொடுக்கவேண்டும். மீந்ததை அலுவலகத்துக்கு எடுத்துவந்து தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றவேண்டும். முதல் சில மாதங்கள் உப்பக்காவும் ஊற்றினார். வெள்ளை வெளேரென்று, ஈரம்கூடப் படாத உப்பு. ஊற்றும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வாராம். அப்புறம் எல்லா வீட்டு மிச்சத்தையும் ஒரு மூடி போட்ட டப்பாவில் கொட்டிக் குலுக்கி, தெரு முனையில் கடை வைத்திருக்கிற டெய்லருக்குக் கொடுக்க ஆரம்பித்தார். டெய்லர் தனி ஆள். கடைக்குப் பின்னாலேயே அடுப்பு. அவர் வீடு ஆராய்ச்சியில் இல்லை. ஆராய்ச்சி தொடங்கி ரொம்ப நாள் கழித்து வந்தவர். உப்புதானே, யார் சாப்பிட்டால் என்ன என்று உப்பக்கா நினைத்திருந்தார்.

அன்றைக்கு மத்தியானம் அவர் டெய்லர் கடைப் படியில் பையை இறக்கி வைத்தபோது, டெய்லர் மெஷினை ஓட்டவில்லை. மிதியின் மேல் வைத்த கால் வைத்தபடி இருக்க, ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

என்ன, மெஷின் லீவா என்று உப்பக்கா கேட்டார்.

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. எனக்குத்தான் கால் கனக்குது. மிதிக்கவே தெம்பில்ல" என்றார் டெய்லர். பாதம் வீங்கியிருக்கிறதே என்று போன வாரம் ஒரு டாக்டரிடம் போனாராம். ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்துப் பார்த்தார்களாம். "ரெண்டு கிட்னியும் அரைநாள் லீவு போட்டுட்டுத்தான் வேலைக்கு வருதாம். எங்கிட்ட வேலைக்கு வர்றவங்க எல்லாருமே அப்படித்தான் அமையறாங்க."

உப்பக்கா சிரிக்கவில்லை. டெய்லர் அதைக் கவனிக்காமல், புதிதாகக் கொடுத்த பிரஷர் மாத்திரையைப் பற்றியும், உப்பைக் குறைக்கச் சொன்னதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். அவர் வேடிக்கையாகப் பேசியது எதுவும் உப்பக்காவின் காதில் விழவில்லை. பயிற்சியின் முதல் நாளில் டாக்டரம்மா பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டது அவர் கண் முன்னால் நின்றது. இந்த உப்பு பெரும்பாலோருக்கு நல்லது. கிட்னி பழுதானவர்களுக்கு மட்டும் ஆகவே ஆகாது. உடம்பை விட்டு வெளியேறவேண்டிய பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். தேங்கினால் கை கால் சோரும். அதற்கு மேலும் ஏறினால் இதயம் தாளம் தப்பி, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். கிட்னிக் கோளாறு இருக்கிற ஒருவர்கூட இருக்கிற வீட்டை ஆராய்ச்சியில் சேர்க்கவே கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் இதை வாய் வலிக்கக் கேட்டவர்தான் உப்பக்கா. டெய்லரிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

"அண்ணே, நான் குடுத்த உப்பு எங்க?"

"முடியப் போகுது. கொண்டாந்திருக்கியா? உன் உப்பு லேசாக் கசக்குதும்மா. சரி, உப்பக்கா வீட்டு உப்பு கசந்தாலும் உப்புதான்னு போட்டுக்கிட்டேன். டாக்டர் குறைக்கச் சொன்னப்பறம் கொஞ்சம் கொறச்சுத்தான் போடறேன்."

லேசான கசப்பு புது உப்பில்தான் இருக்கும். சில வீடுகளில் பெண்கள் இதையே சொல்லி முகம் சுளித்திருக்கிறார்கள். ஆனால் டப்பாவில் எவ்வளவு புதுசு, எவ்வளவு பழசு என்று யாருக்குத் தெரியும்? ஒரு வீட்டுப் பொட்டலமாக இருந்தால், எந்த வீட்டுக்கு எந்த உப்பு என்று எழுதி ஒட்டிவைத்த, அவசரத்துக்கு உடைத்துப் பார்க்கிற உறை டாக்டரம்மாவிடம் இருக்கிறது. உப்பக்கா எல்லாவற்றையும் குலுக்கியல்லவா கொடுத்திருக்கிறார். உலகத்தில் எந்த நாட்டு ஆராய்ச்சிக்காரர் வந்தாலும் இனி அந்த உப்பைப் பிரித்துச் சொல்ல முடியாது.

கடைக்கு வெளியே வந்து, நிறுத்தி வைத்திருந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். என்னென்னவோ சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியதாம். நாக்கு அதற்குள் உண்மையைச் சொல்லிவிட்டது. லைன் கட்டாகிவிட்டதோ என்று உப்பக்கா போனைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"லேப்ல போய் வரிசையில நிக்காதீங்க. நேரா அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. இதயத்தைப் பாக்கச் சொல்லுங்க, பொட்டாசியம் ஏறியிருக்கலாம்னு வாயால சொல்லுங்க. முதல்ல அவரு. உங்களைப் பத்தி அப்புறம் பேசலாம்." பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "மத்த நாட்டுல இருக்கிறவங்களும் மிச்சத்தை இப்படித்தான் குடுத்துக்கிட்டிருக்காங்களோ" என்றார்.

அலுவலகச் சுவரில், இதே வேலை செய்கிற வேறொரு நாட்டுப் பெண்ணின் படம் இருக்கிறது. அதே பச்சைப் பை, அதே தோளில். உப்பக்காவுக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு தனிப் பிரியம். இப்போது அந்தப் பெண்ணின் பையிலும் ஒரு டப்பா இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே கடைக்குள் திரும்பினார்.

டெய்லரைக் கிளப்புவது லேசாக இல்லை. ஒரு கோட்டு நாளைக்குள் கொடுக்கவேண்டுமாம், இன்னும் கை தைத்துச் சேர்க்காமலேயே தொங்குகிறதாம். கால் கனத்ததற்கெல்லாமா ஆஸ்பத்திரி என்றார். உப்பக்கா மெஷினின் மேல் உறையைப் போட்டு மூடினார். விளக்கை அணைத்தார். இருட்டில் ஆளுக்கென்ன வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே டெய்லர் எழுந்தார். எழுந்தபோது முழங்கால் மடங்கியது. உப்பக்கா அக்குளில் கை கொடுத்துத் தாங்கினார். வழியெல்லாம் ஆட்டோவில் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தபடி வந்தார். நாடி ஒருமுறை தாமதித்தது மாதிரி இருந்தது. ஆட்டோவின் குலுக்கல்தானோ என்றும் இருந்தது. டெய்லர் வேடிக்கை பேசுவதை நிறுத்தியிருந்தார். அதுதான் உப்பக்காவை அதிகம் பயமுறுத்தியது.

அவசரப் பிரிவில் டெய்லரின் சட்டையைக் கழற்றி, நெஞ்சில் ஒட்டுகளை ஒட்டினார்கள். கருவியிலிருந்து ரோஸ் நிறக் காகிதம் நீளமாக வந்தது. டியூட்டி டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நர்ஸைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் விரலைச் சொடுக்கினார். அதற்குப் பிறகு எல்லோரும் வேகமாக நடந்தார்கள். ஓடவில்லை. ஓடினால்கூடத் தேவலை போலிருந்தது உப்பக்காவுக்கு. திரையை இழுத்து மூடிவிட்டார்கள். திரைக்குக் கீழே தெரிந்த கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கால்கள் நின்று நின்று நகர்ந்தன. எந்தப் பாதத்தின் வேகத்திலிருந்து நல்ல செய்தியைப் படிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எதிர்ப் பெஞ்சில் ஒருவர் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். உப்பு எவ்வளவு என்று பின்னால் எழுதியிருந்ததைத்தான் உப்பக்கா முதலில் படித்தார். பழக்கம். சாப்பிடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டியூட்டி டாக்டர் வெளியே வந்தபோது, பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இதயத்துக்குக் காவலாக ஒரு ஊசி போட்டாயிற்று, இறக்குவதற்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது என்றார். கிட்னிக் கோளாறும், பொட்டாசியத்தை வெளியேறவிடாத அந்தப் புது மாத்திரையும், உப்பும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. எதன் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது. "நடந்து வந்தார் பாருங்க, அதுவே பெரிசு. ராத்திரி பூரா மானிட்டர்ல இருக்கட்டும். இப்பவே பிழைச்சிட்டார்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா காகிதத்துல கோடு கொஞ்சம் சரியாகுது."

உப்பக்கா உள்ளே போனார். டெய்லர் கண்ணைத் திறந்திருந்தார். தலைக்கு மேல் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாமா என்று யோசித்தவர், அந்தக் கோட்டைப் பார்த்ததும் நாளை என்பதை நம்ப முடியாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டெய்லர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் உங்கிட்ட உப்பு கேட்டேனா?"

"இல்லண்ணே."

"பின்ன ஏன் குடுத்த?"

"கொட்ட மனசு வரல."

டெய்லர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கொட்ட மனசு வராம என் வயித்துல கொட்டிட்ட."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று உப்பக்கா நின்றார். டெய்லர் திட்டவுமில்லை. போர்வையின் ஓரத் தையலை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். கோணல் தையல். பிறகு திரும்பாமலேயே, "காஜா எடுக்கிற அம்மா இருக்காங்கல்ல" என்றார்.

காஜா அம்மா டெய்லர் தைக்கிற சட்டைகளுக்குப் பொத்தான் துளை எடுத்துக் கொடுக்கிறவர். பின் சந்தில் ஒற்றை அறை வீடு.

"நீ டப்பா குடுக்கறப்பல்லாம் பாதி அவங்களுக்குக் குடுத்துருவேன். எனக்கு எதுக்கு அவ்வளவு?"

காஜா அம்மாவுக்குப் பல வருஷமாகச் சுகர் இருப்பது தெருவுக்கே தெரியும். சுகர் போய் உட்காருகிற இடங்களில் கிட்னியும் ஒன்று என்பது உப்பக்காவுக்குத் தெரியும்.

டாக்டரம்மா அதற்குள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருந்தார். தாழ்வாரத்தில் வைத்து உப்பக்கா அவரிடம் இதையும் சொன்னார். நாளை முதல் வீடுகளுக்குப் போகவேண்டாம், விசாரணை முடியட்டும் என்று சொல்லத்தான் டாக்டரம்மா வாயெடுத்தார். சொல்லவும் சொன்னார். மற்ற நாடுகளுக்கும் உடனே எழுதியாயிற்று என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "இன்னைக்கு இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போயிட்டு வந்துடறேம்மா" என்றார் உப்பக்கா.

பின் சந்தில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. காஜா அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு கோட்டின் முன்பக்கத்தை விரித்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். டெய்லர் கடை ஏன் மூடிக் கிடக்கிறது என்று கேட்டார். உப்பக்கா சொன்னார். அடுப்புக்கு மேல் பலகையில் இருந்த உப்புச் சாடியை எடுத்துப் பைக்குள் வைத்தார். பிறகுதான், கிட்னி எப்போதாவது டெஸ்ட் செய்ததுண்டா என்று கேட்டார்.

"கிட்னியா? அது பாட்டுக்கு உள்ள கிடக்கு. ஒண்ணும் சொல்லலையே."

"அது சொல்லாதும்மா."

ஆஸ்பத்திரிக்கு வாங்க, இப்பவே பாத்துடலாம் என்றார் உப்பக்கா. இதோ இந்த ஒரு துளையை முடித்துவிட்டு வருகிறேன் என்றார் காஜா அம்மா. உப்பக்கா குனிந்து அவருடைய பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடத்தில் குழி விழுந்ததா, வீட்டுக்குள் இருந்த இருட்டா என்று தெரியவில்லை.

"கால் கனக்குதா உங்களுக்கு?"

"இந்த வேலை பாக்கறவளுக்குக் கால் கனக்காம என்ன செய்யும்?" என்றார் காஜா அம்மா.

உப்பக்கா அவர் கையிலிருந்த ஊசியை வாங்கித் துணியிலேயே குத்தி வைத்தார். காஜா அம்மாவின் செருப்பு எங்கே என்று தேட ஆரம்பித்தார்.