கணேசமூர்த்தியின் இடது தோள்

தேயிலைத் தோட்டத்தில் யாருக்குச் சுளுக்குப் பிடித்தாலும் பேச்சியம்மா வீட்டுக்குத்தான் போவார்கள். அவள் இரட்டைப் பிள்ளை பெற்றவள். இரட்டை பெற்றவள் கை எண்ணெய் போட்டு வழித்துவிட்டால் எந்தச் சுளுக்கும் ஓடிப்போகும் என்பது லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். வியாழக்கிழமை பின்னேரம் அந்த வாசலில் வந்து நின்றவன் கணேசமூர்த்தி. நின்றான் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கதவைத் தட்டக் கையைத் தூக்குவதும், இறக்குவதும், நாலடி போய்த் திரும்புவதுமாகக் கால் மணி நேரம் அல்லாடிக்கொண்டிருந்தான்.

வயது நாற்பத்தொன்று. கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுகிற வேலை. ஆள் வாட்டசாட்டம். அது போதாதென்று இரண்டு வருடமாக எடை தூக்கும் பைத்தியம் வேறு. தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதற்கென்று கட்டி, இப்போது மூடிக்கிடக்கும் பழைய பிள்ளைமடுவத்தில் ஒரு பெஞ்சைப் போட்டிருந்தான். தொழிற்சாலை கழித்துப்போட்ட பற்சக்கரங்களை இரும்புக் குழாயில் கோத்து, மல்லாந்து படுத்துத் தூக்குவான். வருகிற ஞாயிறு பொங்கல் விளையாட்டுப் போட்டி. தோட்டத்தின் மேல் டிவிசன் முத்துலிங்கத்தை இந்த முறை எடை தூக்குவதில் மண்கவ்வ வைக்கிறேன் என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டான். வாய் சும்மா இருந்தால்தானே!

ஒரு மாதமாக இடது தோள் நோகிறது. குழாயை நெஞ்சுவரை இறக்கும்போது மூட்டுக்குள் சுரீர் என்று இழுக்கும். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பத்து நாளாக நெஞ்சையும் எதுவோ இறுக்குகிறது. முதலில் எடை தூக்கும்போது வந்தது. பிறகு லயத்துப் படி ஏறும்போதும் வந்தது. உட்கார்ந்தால் போய்விடும். மனைவி நிலக்ஷி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, வாயு" என்றான்.

அவள் இஞ்சி தட்டிப்போட்டுக் கொடுத்தாள். குடித்தான். ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவனுடைய அப்பா பழனியாண்டி நாற்பத்துமூன்று வயதில், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தவர். கணேசமூர்த்திக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இது சுளுக்கு என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

பேச்சியம்மாவே கதவைத் திறந்தாள். "யாரு, கணேசனா? உள்ள வாப்பா. மாடு மாதிரி ஏன் வாசலயே சுத்துற?"

"தோள்ல சுளுக்குக்கா. ஞாயித்துக்கெழம போட்டி. வழிச்சு விட்டுருங்க."

அவள் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து, பலகையில் உட்காரவைத்து, கட்டைவிரலால் தோள்மூட்டை ஒரு அழுத்து அழுத்தினாள். கணேசமூர்த்தி அலறிவிட்டான்.

"ஆமா, இங்கதான் இருக்கு."

உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. அந்தச் சந்தோசத்தில் வாய் தவறிவிட்டது. "அப்ப நெஞ்ச இறுக்கிறதும் இதாலதானேக்கா?"

பேச்சியம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக நெஞ்சுக்கு வந்தது. "இங்க நோகுதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்லக்கா."

கையைத் தூக்கச் சொன்னாள், முறுக்கச் சொன்னாள். தோள் நொந்தது. நெஞ்சில் ஒன்றும் இல்லை.

"படி ஏறயில?"

அவன் எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான். பேச்சியம்மா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நெஞ்சுல இருக்கிறது சுளுக்கில்ல. ஆஸ்பத்திரிக்குப் போ."

"சும்மா வழிச்சு விடுங்கக்கா, சரியாப் போயிரும். போட்டி முடியட்டும், போறேன்."

"வழிச்சு விட்டுட்டு, ஞாயித்துக்கெழம ஒன்னய நாலு பேரு தூக்கிட்டுப் போறதப் பாக்கச் சொல்றியா?"

அவளே வெளியே போய், கடைச் சாமான் இறக்கிக்கொண்டிருந்த ஹமீதின் ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஆட்டோ நிற்கும் ரோட்டுக்கு முப்பது படி ஏறவேண்டும். பத்தொன்பதாவது படியில் கணேசமூர்த்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அதன்பிறகு அவன் போட்டியைப் பற்றிப் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் சின்னப் பெண். தமிழ் தெரிந்தவர். "தோள்ல சதை பிஞ்சிருக்கு, அது வேற. நெஞ்சு வலி இருதயத்தால வருது. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு இத்தன நாள் எடை தூக்கியிருக்கீங்க. நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார். காலையில் கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சேதி கேட்டு நிலக்ஷி மலையிலிருந்து வந்த உடுப்போடு ஓடிவந்திருந்தாள். கட்டிலருகே நின்று மூச்சு வாங்கினாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"வாயுன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க?"

கணேசமூர்த்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்குப் பெரட்டுக்குப் போகமுந்தி அப்பாவும் அப்படித்தான் சொன்னாரு. அம்மா இஞ்சி தட்டிக் குடுத்தாங்க. நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், நிலக்ஷி."