மூன்றாவது சென்சார்

இது நடந்தது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் சந்தானம் கதை கட்டுகிற ஆள் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைத் திருப்புளியால் கழற்றி எடுத்துவிடலாம் என்று நம்பிப் பிழைப்பு நடத்தியவர். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். அவருக்குத்தான் இது நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், 2004-ஆம் வருஷம் மே மாதம், சிம்மக்கல்லில் அவருடைய கம்ப்யூட்டர் கடையில், வெளியே டவுன் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதே.

அதற்கு மூன்று மாதம் முன்னால் பிருந்தா செத்துப்போயிருந்தாள்.

செல்லூரில் மொக்கைச்சாமி என்பவருக்கு விசைத்தறிப் பட்டறை இருந்தது. கீழே தறிகள். மாடியில் ஒரு சின்ன அறை. அங்கே கம்ப்யூட்டரில் சேலைக்கு பார்டரும் முந்தியும் டிசைன் போடுகிற வேலை பிருந்தாவுக்கு. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வயசு. சந்தானமும் அவளும் ஒரே சௌராஷ்டிர சனம். அவள் அம்மா ராதாமணியை விசேஷ வீடுகளில் பார்த்துப் பேசிய பழக்கம் அவருக்கு உண்டு. அந்தக் கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

மாட்டிய அன்றைக்கே ஒரு தப்பு நடந்தது. அறையில் இருந்த பழைய பிளக்கில் எர்த் இல்லை. மூன்று கால் பின் நுழையவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து எர்த் இழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு கால் கன்வெர்ட்டர் ஒன்றைச் சொருகிவிட்டுச் சந்தானம் வந்துவிட்டார். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வைத்த பவர் சப்ளையும் மட்டமான சரக்கு.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை பதினொன்றரைக்குக் கடைக்குப் போன் வந்தது. பின்னால் தறிச் சத்தம். பிருந்தா கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அண்ணே, பெட்டியத் தொட்டா சுள்ளுன்னு அடிக்குது. முந்தியெல்லாம் லேசாத்தான் இருக்கும். இன்னைக்குக் கை மரத்துப்போச்சு."

"செருப்பு போட்டுக்கிட்டு உக்காரு. ஒரு மணிக்கு வாரேன்."

"கண்டிப்பா வருவீங்கள்ல? இன்னைக்குள்ள டிசைன் முடிக்கணும்ணே."

"வாரேன்மா."

அவர் போகவில்லை. வாடிப்பட்டியில் சிநேகிதன் வீட்டுக் காதுகுத்து. பைக்கில் வந்து ஒருவன் கூப்பிட்டான். சாயங்காலம் செல்லூருக்குப் போய்க்கொள்ளலாம் என்று பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நாலரை மணிக்கு மாடிக்கு டீ கொண்டுபோன தறிக்காரர்தான் அவளை முதலில் பார்த்தார். ஷாக் அடித்து அந்த நிமிஷமே உயிர் போய்விட்டது என்றார்கள். செல்லூர் முழுக்க அதையேதான் சொன்னது.

மறுநாள் மொக்கைச்சாமி கேட்டார். "ஏப்பா சந்தானம், ஒம் பெட்டியிலயா கோளாறு?"

"பெட்டியில ஒண்ணும் இல்லண்ணே. கட்டடத்து வயரிங் பழசு."

சொல்லும்போது நாக்கு தடுமாறவில்லை. அதுதான் பின்னாளில் அவரை அதிகம் அரித்தது. விபத்து என்று முடிந்த பிறகு, "இந்தச் சனியன் எனக்கு வேணாம், நீயே தூக்கிட்டுப் போ" என்று மொக்கைச்சாமி பெட்டியைக் கொடுத்துவிட்டார். சந்தானம் கடைக்கு வந்து திறந்து பார்த்தார். பவர் சப்ளைக்குள் ஒரு வயர் உரிந்து தகரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினார். பாலத்தில் வண்டியை நிறுத்தி வைகைக்குள் எறிந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் விழுந்து வெயிலில் மினுக்கியது. இறங்கிப் போய், காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு வந்தார்.

பெட்டியைச் சாக்கில் சுற்றி மேல்தட்டில் வைத்தார். அண்ணாந்து பார்ப்பதில்லை.

மே மாதம் கல்யாணராமன் வந்தார். கல்லூரியில் இயற்பியல் வாத்தியார், பழைய வாடிக்கை.

"போன மெஷின் வெயில்லயே போயிடுத்து சந்தானம். செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு இருந்தா குடு. லினக்ஸ் போட்டு, உள்ள எவ்வளவு சூடு, எவ்வளவு வோல்ட்டுன்னு ஸ்க்ரீன்ல தெரியறாப்ல பண்ணணும். போர்டுலயே சென்சார் இருக்குமே?"

"இருக்கு சார். லினக்ஸ்ல அத வரவைக்கத்தான் மெனக்கெடணும்."

"மெஷின் யாரோடது?"

சந்தானம் மேல்தட்டைப் பார்த்தார். "ஒரு கம்பெனில ஓடுனது சார். நல்ல மெஷின்."

அதைத் தள்ளிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைத்தார். கண்ணில் படாது. மனசிலும் படாது.

மறுநாள் காலை புது பவர் சப்ளை, புது ஹார்ட் டிஸ்க் மாட்டினார். மதர்போர்டு மட்டும் பழையது. லினக்ஸ் ஏறியது. சென்சார்தான் அடம் பிடித்தது. போர்டின் ஓரத்தில் இருக்கிற ஒரு சின்னச் சில்லுதான் சூட்டையும் வோல்ட்டையும் அளந்து சொல்லும். அது என்ன சில்லு என்று தேடிக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராம். அது கேள்வி மேல் கேள்வி கேட்டது. ஆமாம், ஆமாம் என்று தட்டிக்கொண்டே போனார். கடைசியில், ஒன்றும் இல்லை என்றது. சில்லோடு பேசுகிற இன்னொரு டிரைவர் புரோகிராமை ஏற்றினார். இந்த முறை எண்கள் வந்தன. ஆனால் பன்னிரண்டு வோல்ட் வர வேண்டிய இடத்தில் எட்டு. மல்டிமீட்டர் முனையை வைத்து நிஜ வோல்ட்டைப் பார்த்து, கணக்கைத் திருத்தி எழுதினார். சரியாகிவிட்டது.

அந்த நேரத்தில் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பெட்டி யாருடையது என்பதே மறந்திருந்தது.

பக்கத்துக் கடைகள் சாப்பாட்டுக்கு அடைத்தன. இவரும் ஷட்டரைப் பாதி இறக்கினார். சுவரில் தொங்கிய தெர்மாமீட்டர் 39 காட்டியது. மின்விசிறி அனல்தான் வீசியது. மணி பன்னிரண்டு இருபது.

திரையில் இரண்டு விநாடிக்கு ஒரு முறை எண்கள் தாமாகவே புதிதாக வந்துகொண்டிருந்தன. பிராசஸர் 52 டிகிரி. போர்டு 42. அதற்குக் கீழே மூன்றாவது வரி.

37.

அந்த போர்டில் மூன்றாவது சென்சாருக்கு இடம் உண்டு. இரண்டு சின்ன ஊசிகள் நிற்கும், வேண்டுமென்றால் வயர் வாங்கி மாட்டலாம். யாரும் மாட்டுவதில்லை. மாட்டாமல் விட்டால் அந்த வரியில் 127 என்றோ மைனஸ் 48 என்றோ ஏதாவது கிறுக்குத்தனமாக வரும். சந்தானம் எத்தனையோ போர்டில் பார்த்திருக்கிறார்.

இது 37. அசையாத 37.

டார்ச் அடித்துப் பார்த்தார். ஊசிகள் வெறுமையாகத்தான் இருந்தன. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. கடையே 39 டிகிரி. பெட்டிக்குள் அதைவிடச் சூடு. அங்கே 37-இல் இருக்கக்கூடிய பொருள் எதுவுமே இல்லை...

அவர் உடம்பைத் தவிர. காய்ச்சல் இல்லாத மனுஷ உடம்பின் சூடு 37.

லூசாக ஏதோ உளறுகிறது என்று முடிவு கட்டினார். இந்த வரியைக் கண்டுகொள்ளாதே என்று எழுதி வைத்தால், லினக்ஸ் அதைக் காட்டாது. எழுதினார். மறுபடி ஓட்டினார்.

வந்தது. 37.

எழுத்துப்பிழையோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். பிழை இல்லை. மெஷினை நிறுத்தி மறுபடி கிளப்பினார். 37.

சரியாக ஒரு மணிக்குப் போன் அடித்தது.

"ஹலோ."

தறிச் சத்தம். டக்கடக்... டக்கடக்... டக்கடக்... நிறையத் தறிகள் ஒன்றாக ஓடுகிற சத்தம். பேச்சில்லை.

"யாரு? மொக்கைச்சாமி அண்ணனா?"

டக்கடக்... டக்கடக்...

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இதோ வாரேன்."

சத்தத்துக்கு நடுவே, காதுக்கு வெகு அருகில்... "ம்" என்று ஒரு குரல். மெல்ல. நம்பிவிட்ட குரல்.

போன் கட்டானது.

சந்தானத்துக்கு வேர்வை நின்றுபோயிற்று. எழுந்து வெளியே போய்விடலாம் என்று நினைத்தார். ஷட்டருக்கு வெளியே மூட்டை இறக்குகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. நாலடி வைத்தால் தெரு. போகவில்லை. ஏதாவது செய்தால்தான் உட்கார்ந்திருக்க முடியும் போலிருந்தது. கழற்றியிருந்த பக்கத் தகட்டை எடுத்துப் பெட்டியை மூடித் திருகினார். வேறு டிரைவர் போட்டுப் பார்த்தார். கணக்கை மாற்றிப் பார்த்தார். மற்ற எண்களெல்லாம் ஏறி இறங்கின. மூன்றாவது வரி மட்டும் நகரவில்லை.

பெட்டி நகர்ந்திருக்கிறதோ என்று தோன்றி, இழுத்து வைக்கக் கை வைத்தார்.

தகரம் சுட்டது. ஆனால் கீழே, பக்கவாட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் சுடவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல் இல்லாத ஒருவரின் நெற்றியைத் தொட்ட மாதிரி.

விரலை அழுத்தினார்.

அமுங்கியது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். வெறும் தகரம். ஒரு நசுங்கல்கூட இல்லை.

"பிருந்தா..." என்றார். "தெரியாம நடந்துபோச்சும்மா."

பொய். அவருக்கே கேட்டது அது பொய் என்று. தெரியும். கன்வெர்ட்டரைச் சொருகும்போதே தெரியும். காலையில் போன் வந்தபோது இன்னும் நன்றாகத் தெரியும்.

இரண்டு நாற்பத்தைந்து.

36.5.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

இரண்டரை மணி நேரம் அசையாமல் நின்ற எண்... இறங்குகிறது. சுற்றிலும் அனல். உள்ளே அதைவிட அனல். அந்த ஒரு வரி மட்டும் குளிர்ந்துகொண்டிருந்தது.

36.

ஒரு மனுஷி ஆறிப்போகிற மாதிரி...

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியின் விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. மானிட்டருக்கு வேறு வயர்; ஆனாலும் பெட்டி நின்றால் படம் வராது. அது கறுப்பாகத்தான் ஆக வேண்டும்.

கறுப்பாகத்தான் ஆனது.

நடுவில் ஒரே ஒரு வரி தவிர.

35.5.

சந்தானம் ஷட்டருக்கு அடியில் குனிந்து தெருவுக்கு ஓடினார்.

வண்டி பாலத்தைத் தாண்டி செல்லூருக்குத்தான் போயிற்று. வேறு எங்கும் போகத் தோன்றவில்லை. மொக்கைச்சாமி பட்டறை வழியில்தான். வாசலில் அவர் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே இருட்டு.

"அண்ணே, ஒரு மணிக்குக் கடைக்குப் போன் போட்டீங்களா? தறி ஓடுற சத்தம் கேட்டுச்சு."

"எங்கிட்டு ஓடுது தறி? காலையில ஒம்பது மணிக்குப் போன கரண்ட் இன்னும் வரல. செல்லூர்ல ஒரு தறி ஓடலப்பா." நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

அடுத்த சந்தில் ராதாமணி வீடு. கதவு திறந்திருந்தது. சுவரில் பிருந்தாவின் படம், அதற்குக் கீழே விளக்கு. அவர் உள்ளே போகாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எர்த் இல்லாத பிளக், உரிந்த வயர், ஆற்று மணல், வாடிப்பட்டி விருந்து, ஒரு மணிக்கு வாரேன் என்றது... ஒன்றையும் விடவில்லை. அன்றைக்குக் கடையில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது?

பிறகு அவர் போலீஸில் எழுதிக் கொடுத்தார். வழக்கு நடந்தது. கல்யாணராமனிடம் உண்மையைச் சொன்னார். பெட்டியை உடைத்தார். கடையை மூடினார். அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். வாசல்படியில் ராதாமணி சொன்னதுதான் யாருக்கும் தெரியாது.

அந்த அம்மா திட்டவில்லை. அழவும் இல்லை. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்திலேயே, தணிந்த குரலில் பேசினார்.

"ஷாக்குல போகலன்னு டாக்டர் சொன்னாருப்பா. தூக்கி எறிஞ்சதுல பின்மண்டை மேசையில அடிச்சிருக்கு. விழுந்தது பன்னெண்டே காலுக்கு மேல இருக்கும்னாரு. ரெண்டே முக்கா வரைக்கும் உசுரு இருந்திருக்கு. கேக்குறவங்ககிட்ட அம்புட்டையும் சொல்ல முடியுமா? அந்த நிமிஷமே போயிட்டாள்னு சொல்லிட்டோம்."

சந்தானம் தலையைத் தூக்கவில்லை.

"அவ மேசைகிட்டயும் கெடக்கல. தவழ்ந்து தவழ்ந்து மாடிப்படிக்கு வந்திருக்கா. கூப்பிட்டிருப்பா. தறிச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? மேல்படியில தலைய வச்சு, தெருக்கதவையே பாத்தபடி கெடந்தாளாம். கண்ணு மூடவே இல்ல."

ராதாமணி திரும்பி முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"யார் வருவாங்கன்னு அப்படிப் பாத்துக் கெடந்தாள்னுதான் எங்களுக்கு இம்புட்டு நாளாத் தெரியல."